தமிழ் விக்கிப்பீடியாவில் சின்னச் சின்ன வேலைகள்: திட்டமிட்டுப் பங்களிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரில் தொடங்கியது. இன்று ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகள் அதில் இருக்கின்றன. எண்ணிக்கையைக் கேட்டால் மனசு நிறைகிறது. உள்ளே போய்ப் படித்தால்தான் எவ்வளவு வேலை பாக்கி என்று தெரியும். மூன்று வரியோடு நின்றுபோன கட்டுரைகள், எப்போதோ பதவியில் இருந்த சட்டமன்ற உறுப்பினரின் பெயர் இன்னும் மாறாத ஊர்ப் பக்கங்கள், ஒரு படம்கூட இல்லாத கோயில்கள், ‘சான்று தேவை’ என்ற குறிப்போடு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் வரிகள். இவற்றில் பாதிக்கு மேல் சரிசெய்யப் பெரிய புலமை எதுவும் வேண்டாம். கால் மணி நேரம், நம்பகமான ஓர் ஆதாரம், இன்றைக்கு என்ன செய்யப் போகிறோம் என்ற தெளிவு, இவ்வளவு இருந்தால் போதும்.

ஆனால் புதிதாக வருகிறவர்கள் பலர், கணக்கு தொடங்கிய கையோடு தங்களுக்குப் பிடித்த எழுத்தாளரைப் பற்றி முழுக் கட்டுரை எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆதாரம் தேடுவதிலேயே நாட்கள் போய்விடும். அப்புறம் வார்ப்புருக்களோடு (பல பக்கங்களில் பயன்படும் ஆயத்த அச்சுகள்) மல்லுக்கட்ட வேண்டும். ஒருவழியாக எழுதிப் பதிவேற்றினால், குறிப்பிடத்தக்கமை நிறுவப்படவில்லை, அதாவது தனிக் கட்டுரைக்கு உரியவர் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று யாராவது மேலே ஓர் அறிவிப்பு ஒட்டிவிட்டுப் போவார். அதோடு ஆளைக் காணோம். நல்ல தமிழ் எழுதக்கூடியவர்கள் இப்படித் திரும்பிப் போவதைப் பார்க்கும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் புதுக் கட்டுரை எழுதுவதைப் பற்றி ஒன்றும் கிடையாது. ஏற்கெனவே இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீர்செய்யும் வேலைகளும், அவற்றை நமக்குக் கிடைக்கிற நேரத்துக்குள் அடக்கிச் செய்யும் முறையும் மட்டும்தான்.

முதலில் கணக்கும் தட்டச்சும்

கணக்கு இல்லாமலும் தொகுக்கலாம். ஆனாலும் ஒன்று தொடங்கிக்கொள்வது நல்லது. செய்த வேலையெல்லாம் ‘பங்களிப்புகள்’ பக்கத்தில் வரிசையாகத் தெரியும், மற்ற பயனர்கள் உங்களோடு பேச ஓர் இடம் இருக்கும், நீங்கள் தேர்ந்த பக்கங்களில் நடக்கும் மாற்றங்களைக் காட்டும் கவனிப்புப் பட்டியல் வசதியும் கிடைக்கும். இங்கே தொடங்கும் கணக்கே விக்கிமூலம் (நூல்கள்), விக்சனரி (அகராதி), பொதுவகம் (படங்கள்), விக்கித்தரவு (தரவுகள்) ஆகிய உடன்பிறப்புத் திட்டங்கள் எல்லாவற்றுக்கும் செல்லும். சொந்தப் பெயர் வேண்டாமென்றால் புனைபெயர் வைத்துக்கொள்ளலாம். நிறுவனத்தின் பெயரில் கணக்கு தொடங்காதீர்கள், விளம்பரம் என்று சந்தேகம் வரும். மின்னஞ்சல் முகவரியை மறக்காமல் கொடுங்கள். கடவுச்சொல் தொலைந்தால் கணக்கை மீட்க வேறு வழியில்லை.

கணினியில் தமிழ் விசைப்பலகை இல்லையென்றால் விக்கிப்பீடியாவின் தொகுப்புப் பெட்டியிலேயே அந்த வசதி உண்டு. தமிழ்99, ஒலிபெயர்ப்பு என்று எது பழக்கமோ அதைத் தேர்ந்துகொள்ளலாம். கன்ட்ரோல் விசையோடு எம் விசையை அழுத்தினால் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறிக்கொள்ளலாம். கைப்பேசியில் குரலில் சொல்லித் தட்டச்சு செய்கிறவர்கள், சேமிப்பதற்கு முன் ஒரு தடவை படித்துப் பார்த்துவிடுங்கள். ‘ல, ள, ழ’ மூன்றும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும்.

முதல் திருத்தத்தை உங்கள் மணல்தொட்டியில், அதாவது பழகிப் பார்ப்பதற்கான பக்கத்தில், செய்து பாருங்கள். அங்கே எதைக் கலைத்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

கையில் என்ன இருக்கிறது?

திட்டமிடுவது இங்கேதான் தொடங்குகிறது. விக்கிப்பீடியாவுக்கு என்ன தேவை என்று தேடத் தொடங்கினால் பட்டியல் முடியவே முடியாது, மலைப்புதான் மிஞ்சும். உங்களிடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள், வேலை தானாக அகப்படும்.

வீட்டில் அப்பா சேர்த்த பழைய நூல்கள் இருக்கின்றனவா? அவற்றின் பக்க எண்ணோடு சான்று சேர்க்கலாம். வேலை நிமித்தம் மாவட்டம் முழுக்கச் சுற்றுகிறவரா? படம் எடுக்கலாம். ஆசிரியரா? அறிவியல் கட்டுரைகளில் பிள்ளைகளுக்குப் புரியாத வரிகளைத் திருத்தலாம். பிழை கண்டால் கை துறுதுறுக்கிறவரா? மெய்ப்புப் பார்க்கலாம். கையில் கைப்பேசி மட்டும்தான், அதுவும் பேருந்தில் நின்றுகொண்டு என்றால் அதற்கும் வேலை இருக்கிறது.

அடுத்தது நேரம். வாரத்துக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதைவிட ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதுதான் முக்கியம். ஐந்து நிமிடத் துண்டுகளாகக் கிடைக்கிற இரண்டு மணி நேரத்தில் சான்று தேடும் வேலை நடக்காது. தேடியதை மறந்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அந்தத் துண்டு நேரத்துக்கு எழுத்துப்பிழை, வழிமாற்று (ஒரு பெயரில் தேடுகிறவரை வேறு பெயரிலுள்ள கட்டுரைக்கு அனுப்பும் பக்கம்), விக்கித்தரவு விளக்கம் போன்றவைதான் சரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் தடங்கலில்லாமல் கிடைக்குமென்றால் சான்று சேர்ப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே வகை வேலை, ஒரு குட்டிப் பட்டியல்

ஒரு மாதத்துக்கு ஒரே வகை வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குப் படம், நாளைக்குச் சான்று, மறுநாள் பகுப்பு (கட்டுரைகளை வகைப்படுத்தும் பட்டியல்) என்று தாவினால் ஒவ்வொன்றையும் புதிதாகக் கற்க வேண்டும். அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் சில நாட்களிலேயே கை பழகிவிடும். அப்புறம் அதன் நுணுக்கங்கள் கண்ணில் படத் தொடங்கும்.

எடுத்துக்கொண்ட வேலைக்குப் பத்துக் கட்டுரைகளைப் பட்டியலிட்டு, உங்கள் பயனர் பக்கத்தின் கீழ் ஒரு துணைப்பக்கத்தில் எழுதி வையுங்கள். பத்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் எதிரில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரே வரி: ‘படம் இல்லை’, ‘இரண்டாம் பத்திக்குச் சான்று வேண்டும்’. உட்கார்ந்தவுடன் என்ன செய்வதென்று யோசிக்காமல் நேராக வேலையில் இறங்கிவிடலாம்.

கட்டுரைகளைத் தேடிப் பிடிக்க எளிய வழி, பகுப்புப் பக்கங்கள். உங்கள் மாவட்டத்தின் பகுப்பைத் திறந்தால் ஊர்கள், கோயில்கள், பள்ளிகள், ஆறுகள் எல்லாம் அகர வரிசையில் நிற்கும். துப்புரவு தேவைப்படுபவை, சான்று இல்லாதவை என்று குறியிட்ட கட்டுரைகளுக்கும் தனிப் பகுப்புகள் உண்டு. உங்களுக்கு ஓரளவு தெரிந்த துறையிலிருந்து எடுங்கள். தவறு கண்ணில் படும், ஆதாரம் எங்கே கிடைக்கும் என்பதும் தெரியும்.

ஒரு திருத்தத்தைக் கடைசிவரை செய்து பார்ப்போம்

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 ஊராட்சிகள் இருக்கின்றன. இவற்றுக்கான கட்டுரைகள் தமிழ் விக்கிப்பீடியாவில் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை: இந்த ஊராட்சி இன்ன மாவட்டத்தில், இன்ன வட்டாரத்தில் இருக்கிறது, இன்ன சட்டமன்றத் தொகுதிக்கு உட்பட்டது என்று தொடங்கும். அரசுத் தரவுகளை வைத்துத் தானியங்கி (தானே தொகுக்கும் நிரல்) மூலம் மொத்தமாக உருவாக்கியவை. அதற்குப் பின் மாவட்டங்கள் பிரிந்தன. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி, திருநெல்வேலியிலிருந்து தென்காசி, வேலூரிலிருந்து இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும், காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு. 2020 டிசம்பரில் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை. பல பக்கங்களை ஏற்கெனவே திருத்திவிட்டார்கள். ஆனால் ஒரு பக்கத்தில் மாவட்டத்தின் பெயர் பல இடங்களில் வரும், ஒன்றிரண்டு இடம் விட்டுப்போவது சகஜம்.

சின்னசேலம் பக்கத்து ஊர் ஒன்றின் கட்டுரையைத் திறந்தால், முதல் வரியில் ‘விழுப்புரம் மாவட்டம்’ என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். சட்டென்று மாற்றிவிடாதீர்கள். முதலில் கள்ளக்குறிச்சி மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் அந்த ஊரோ வட்டாரமோ இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் இருப்பது நம்மிடம் சாதாரணம், ஆகவே வட்டாரத்தின் பெயரையும் ஒப்பிட்டுவிடுங்கள்.

சரி, உறுதியாகிவிட்டது. ‘தொகு’ என்பதைத் தட்டி முதல் வரியைத் திருத்துங்கள். முக்கிய விவரங்களைக் காட்டும் வலப்பக்கத் தகவற்சட்டத்திலும் மாவட்டம் இருக்கும், அதையும் பாருங்கள். கட்டுரையின் அடியில் ‘விழுப்புரம் மாவட்டத்திலுள்ள ஊர்கள்’ என்பது போன்ற பகுப்பு இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். இல்லையென்றால் கட்டுரை ஒன்று சொல்லும், பட்டியல் வேறொன்று சொல்லும். திருத்திய வரிக்குப் பின்னால் மாவட்டத் தளத்தைச் சான்றாகச் சேருங்கள்.

இங்கே ஒரு நுட்பமான இடம் இருக்கிறது. அதே ஊரில் பிறந்த ஒருவரைப் பற்றி, ‘1951இல் தென்னாற்காடு மாவட்டத்தில் பிறந்தார்’ என்று ஒரு வரி இருக்கலாம். அது பிழையே இல்லை. அந்தப் பகுதி 1993 வரை தென்னாற்காடு மாவட்டம், அதன்பின் 2019 வரை விழுப்புரம் மாவட்டம், இப்போது கள்ளக்குறிச்சி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்த ஊரின் எண்கள் விழுப்புரம் மாவட்டத்தின் கீழ்தான் வெளியாயின. அந்தச் சான்றின் தலைப்பில் விழுப்புரம் என்று இருந்தால் அது அப்படியேதான் இருக்க வேண்டும். இன்றைய நிலையைச் சொல்லும் வரிகளை மட்டும் திருத்துங்கள், அன்றைய நிலையைச் சொல்லும் வரிகளைத் தொடாதீர்கள். மொத்தமாகத் தேடி மாற்றுகிறவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். பொறுமையாக ஒவ்வொரு பக்கமாகப் பார்க்கும் மனிதர் இதற்குத் தேவைப்படுவதும் இதனால்தான்.

சேமிப்பதற்கு முன் சுருக்கப் பெட்டியில் ஒரு வரி எழுதுங்கள்: ‘2019 பிரிவினைக்குப் பின் மாவட்டப் பெயர் திருத்தம், சான்று சேர்ப்பு’. இந்த ஒரு வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அண்மைய மாற்றங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, பழக்கமில்லாத பெயரில் ஒருவர் மாவட்டத்தை மாற்றியிருப்பது விசமத் தொகுப்பு போலத்தான் தெரியும். சுருக்கம் இருந்தால் அவர் ஒரே பார்வையில் புரிந்துகொண்டு அடுத்ததைப் பார்க்கப் போய்விடுவார். எழுத்துப்பிழை, இடைவெளி போன்றவற்றை மட்டும் திருத்தியிருந்தால் சிறு தொகுப்பு என்ற கட்டத்தைத் தட்டுங்கள். தகவலை மாற்றியிருந்தால், ஒரே சொல்லாக இருந்தாலும் தட்டாதீர்கள்.

சேமித்த பின் பக்கத்தை ஒரு முறை மேலிருந்து கீழே பாருங்கள். அடைப்புக்குறி ஒன்று விட்டுப்போனால்கூடத் தகவற்சட்டம் முழுவதும் கலைந்து நிற்கும். கலைந்திருந்தால் பதற வேண்டாம், பக்கத்தின் வரலாற்றில் பழைய பதிப்பு பத்திரமாக இருக்கிறது. பிறகு உங்கள் பட்டியலில் அந்த ஊருக்கு எதிரே ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போகலாம்.

சான்று சேர்த்தல்

என்னைக் கேட்டால், தமிழ் விக்கிப்பீடியாவுக்கு இப்போது அவசரமாகத் தேவைப்படுவது இதுதான். ‘அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்டது’ என்று ஒரு வரி. தகவல் சரிதான். ஆனால் படிக்கிற மாணவர் அதை நம்பி எழுதலாமா என்பதற்கு அந்த வரிக்குப் பின்னால் ஒரு சுட்டி வேண்டும்.

வேலையின் வரிசை இப்படி: வரியைத் தேர்ந்தெடுங்கள், அதிலுள்ள தகவலைத் தேடுங்கள், கிடைத்த ஆதாரத்தை உண்மையிலேயே படியுங்கள், அது அந்த வரியைத் தாங்குகிறதா என்று பாருங்கள், அதன்பின் சேருங்கள். மூன்றாவது படியைத் தாண்டிக் குதிக்கிறவர்கள் உண்டு. தலைப்பைப் பார்த்துச் சான்றைச் சேர்த்துவிடுவார்கள். உள்ளே படித்தால் ஆண்டு வேறாக இருக்கும். அப்படிச் சேர்த்த சான்றைவிடச் சான்று இல்லாத வரியே மேல். அந்த வரியை நம்பாதே என்றாவது படிப்பவருக்குத் தெரியும்.

எதை ஆதாரமாகக் கொள்ளலாம்? நாளிதழ்கள், பதிப்பகங்கள் வெளியிட்ட நூல்கள், பல்கலைக்கழக வெளியீடுகள், அரசுத் தளங்கள், தேர்தல் ஆணையத்தின் முடிவுகள். பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. ஈழத்து நூல்கள், இதழ்கள், பிரசுரங்கள் என்றால் நூலகம் திட்டம் என்ற மின்னூலகம் ஒரு பெருங்களஞ்சியம். யாழ்ப்பாணத்துப் பள்ளி ஒன்றைப் பற்றியோ மலையக எழுத்தாளரைப் பற்றியோ சான்று தேடுகிறவர்கள் முதலில் அங்கே போய்ப் பாருங்கள். முகநூல் பதிவு, வாட்ஸ்அப் பகிர்வு, யாரோ ஒருவரின் வலைப்பதிவு ஆகியவை செல்லாது. ஆங்கில விக்கிப்பீடியாவையும் சான்றாகக் காட்ட முடியாது. அங்கே அடியில் கொடுத்திருக்கும் மூலத்தைத் திறந்து படித்து, அதைக் காட்டலாம்.

தொகுப்புப் பெட்டியில் மேற்கோள் பொத்தானைத் தட்டி, செய்தியின் இணைய முகவரியையோ நூலின் ஐஎஸ்பிஎன் எண்ணையோ ஒட்டினால் மற்ற விவரங்களைக் கருவியே நிரப்பித் தரும். ஆனால் தமிழ்ச் செய்தித் தளங்கள் பலவற்றுக்கு அது அரைகுறையாகத்தான் நிரப்பும். தலைப்போடு தளத்தின் பெயரும் ஒட்டிக்கொண்டு வரும், தேதி விட்டுப்போகும். சேமிக்கும் முன் கையால் சரிசெய்துவிடுங்கள். இன்னொன்று, நம் நாளிதழ்களின் இணைய முகவரிகள் தளத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் செத்துப்போகின்றன. ஆகவே சான்று சேர்க்கும் அன்றே அந்தப் பக்கத்தை, இணையப் பக்கங்களின் நகலைக் காக்கும் வேபேக் மெஷினில் சேமித்து, அந்த முகவரியையும் கொடுத்துவிடுங்கள். ஏற்கெனவே செத்துப்போன சுட்டிகளுக்கு அதே இடத்தில் பழைய நகல் இருக்கிறதா என்று தேடிச் சேர்ப்பதும் ஒரு மாதத்துக்கு உகந்த தனி வேலை.

நூலகர்களுக்கு ஒரு தகவல். நூலகர் ஒவ்வொருவரும் ஒரு சான்றாவது சேர்க்கட்டும் என்று ஓர் உலகளாவிய இயக்கம், விக்கிப்பீடியாவின் 15ஆம் பிறந்தநாளையொட்டி 2016இல் தொடங்கியது. ஆண்டுதோறும் ஜனவரி 15இலிருந்து மூன்று வாரமும், மே 15இலிருந்து மூன்று வாரமும் நடக்கிறது. கிளை நூலகத்தில் உட்கார்ந்து, அலமாரியிலுள்ள உள்ளூர் வரலாற்று நூல் ஒன்றை எடுத்துப் பக்க எண்ணோடு சான்று சேர்க்க ஒரு நூலகரைவிடப் பொருத்தமானவர் யார்? தேடுபொறியில் கிடைக்காத ஆதாரங்கள் அந்த அலமாரிகளில்தான் இருக்கின்றன.

விக்கிமூலம்: ஒரு உட்காரலுக்கு ஒரு பக்கம்

எழுதத் தயக்கம், ஆனால் படிக்கப் பிடிக்கும் என்கிறவர்கள் நேராக விக்கிமூலத்துக்குப் போகலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வழியாகக் கிடைத்த நாட்டுடைமை நூல்கள் 2,000க்கும் மேல் அங்கே இருக்கின்றன. நூல்களின் பக்கப் படங்களைக் கூகுளின் எழுத்துணரி படித்து எழுத்தாக்கியிருக்கிறது. அந்த எழுத்தைப் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவதுதான் வேலை. ஒரு பக்கம் முடிந்தால் ஒரு வேலை முடிந்தது. இதைவிடச் சின்னதாக, இவ்வளவு முழுமையாக ஒரு பங்களிப்பு இருக்க முடியாது.

திரையில் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் படம். பக்கத்தின் நிலையை நிறத்தால் காட்டுவார்கள். சிவப்பு என்றால் இன்னும் மெய்ப்புப் பார்க்கவில்லை. ஒருவர் பார்த்து முடித்தால் மஞ்சள். வேறொருவர் மறுபடி சரிபார்த்தால் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது, இரண்டு ஜோடிக் கண்கள் பட வேண்டும் என்பது ஏற்பாடு. புதியவர்கள் மஞ்சள் பக்கங்களைப் பச்சையாக்குவதில் தொடங்கலாம். பிழைகள் குறைவாக இருக்கும், முன்னவர் எப்படிச் செய்திருக்கிறார் என்றும் தெரிந்துகொள்ளலாம்.

எழுத்துணரி எங்கே தடுமாறும் என்று தெரிந்தால் கண் அங்கே தானாக நிற்கும். மெய்யெழுத்தின் புள்ளி மங்கியிருந்தால் ‘ன்’ என்பது ‘ன’ ஆகிவிடும். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மாறும்: ‘செய்தி’ என்பது ‘சேய்தி’ என்று நிற்கும். துணைக்காலும் ‘ர’வும் ஒன்றையொன்று விழுங்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் ‘ணை, லை, ளை, னை’ எல்லாம் தும்பிக்கை வைத்த பழைய வடிவில் இருக்கும், ‘ணா, றா, னா’வும் அப்படியே. அங்கே கருவி என்னவாவது எழுதி வைத்திருக்கும். வரி முடிவில் உடைந்த சொற்களைச் சேர்த்து எழுத வேண்டும். பக்கத்தின் உச்சியிலுள்ள எண்ணையும் நூல் தலைப்பையும் மேலடிப் பெட்டிக்கு நகர்த்த வேண்டும்.

நூலாசிரியரின் எழுத்தை மட்டும் திருத்தக் கூடாது. அவர் சந்தி விட்டிருக்கலாம், ‘பிரயாணம்’ என்று எழுதியிருக்கலாம், இன்று நாம் பிழை என்று நினைப்பதை எழுதியிருக்கலாம். படத்தில் இருப்பது எதுவோ அதுவே எழுத்திலும் வர வேண்டும்.

படங்கள்

உங்கள் ஊர்ப் பேருந்து நிலையம், ஏரி மதகு, அரசு மேல்நிலைப் பள்ளி, அணைக்கட்டு, சந்தை, வயலோரம் பூத்திருக்கும் செடி: இவற்றுக்கெல்லாம் படம் தேவை. கைப்பேசிப் படமே போதும். பகல் வெளிச்சத்தில், பொருள் முழுதாகத் தெரியும்படி, ஆட்களின் முகம் மையமாக இல்லாமல் எடுங்கள். பதிவேற்ற வேண்டிய இடம் விக்கிமீடியா பொதுவகம். அதன் ஆண்ட்ராய்டு செயலியில், நீங்கள் நிற்கும் இடத்துக்கு அருகில் எவற்றுக்குப் படம் இல்லை என்று வரைபடத்தில் காட்டும் வசதி உண்டு. வெளியூர் போகும்போது கிளம்புவதற்கு முந்தைய நாள் அதைப் பார்த்து, வழியில் இருக்கும் மூன்று நான்கு இடங்களைக் குறித்துக்கொண்டால் போதும்.

நீங்களே எடுத்த படமாக இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. இணையத்தில் கிடைத்தது, குடும்பக் குழுவில் வந்தது எல்லாம் பிறர் உரிமை. இந்தியச் சட்டப்படி எழுத்தாளரின் மறைவுக்குப் பின் 60 ஆண்டும், இலங்கையில் 70 ஆண்டும் அவரது படைப்புக்குக் காப்புரிமை நீடிக்கிறது. பழைய அட்டைப்படமாயிற்றே, யார் கேட்கப் போகிறார்கள் என்று போடாதீர்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது கேமரா கொடுத்த எண்ணை விட்டுவிட்டு, என்ன பொருள், எந்த ஊர், எந்த ஆண்டு என்று வையுங்கள். பதிவேற்றியதோடு பாதி வேலைதான் முடிந்தது. உரிய கட்டுரையில் விளக்க வரியோடு சேர்த்தால்தான் படிப்பவர் கண்ணில் படும்.

ஐந்து நிமிட வேலைகள்

விக்கித்தரவில் ஏராளமான பக்கங்களுக்குத் தமிழ்ப் பெயரோ விளக்கமோ இல்லை. விளக்கம் என்றால் நாலைந்து சொல்தான்: ‘தமிழ்நாட்டிலுள்ள ஓர் அணை’, ‘இலங்கைத் தமிழ் எழுத்தாளர்’. முற்றுப்புள்ளி, புகழுரை எதுவும் வேண்டாம். கைப்பேசியிலேயே செய்யலாம். விக்கிப்பீடியாவின் ஆண்ட்ராய்டு செயலி இதுபோன்ற வேலைகளைத் தானே எடுத்துக் கொடுக்கவும் செய்யும்.

வழிமாற்றும் அப்படித்தான். இலங்கையிலும் கனடாவிலும் ‘ரொறன்ரோ’ என்று எழுதுவார்கள், தமிழ்நாட்டில் ‘டொராண்டோ’. கட்டுரை எந்தப் பெயரில் இருந்தாலும் மற்றப் பெயரில் தேடுகிறவருக்குக் கிடைக்க ஒரு வழிமாற்றுப் பக்கம் வேண்டும். நீங்கள் ஒன்றைத் தேடி வரவில்லையென்றால், அது வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கிடைக்காத பெயரில் ஒரு பக்கம் திறந்து #வழிமாற்று என்று எழுதி, இரட்டைச் சதுர அடைப்புக்குள் சரியான தலைப்பைப் போட்டுச் சேமியுங்கள்.

தொடாமல் விட வேண்டியவை

முதல் சில மாதங்களுக்குச் சாதி பற்றிய கட்டுரைகள், நடப்பு அரசியல்வாதிகள், நடிகர்களின் வசூல் கணக்கு இவற்றின் பக்கம் போகாதீர்கள். நல்ல எண்ணத்தோடு செய்த திருத்தம்கூட அங்கே சண்டையில் மாட்டிக்கொள்ளும். உயிரோடிருப்பவர்களைப் பற்றி வலுவான ஆதாரம் இல்லாமல் எதையும் சேர்க்கக் கூடாது. உங்களைப் பற்றி, உறவினரைப் பற்றி, வேலை பார்க்கும் இடத்தைப் பற்றி நீங்களே எழுத வேண்டாம்.

நாட்டு வழக்கை மாற்றி எழுதுவதும் வேண்டாம். இலங்கை பற்றிய கட்டுரையில் ‘பெப்ரவரி’ என்று இருந்தால் அதைப் ‘பிப்ரவரி’ ஆக்குவது திருத்தம் ஆகாது. இரு கரையும் சேர்ந்து கட்டிய களஞ்சியம் இது.

இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டும். 2009, 2010 வாக்கில் கூகுள் நிறுவனம் தன் மொழிபெயர்ப்புக் கருவியின் துணையோடு நீண்ட கட்டுரைகள் பலவற்றைத் தமிழ் விக்கிப்பீடியாவில் ஏற்ற ஏற்பாடு செய்தது. அளவு பெரிது. ஆனால் பல வரிகளைத் தமிழர் யாரும் படித்துப் புரிந்துகொள்ள முடியாது. அவற்றைச் செப்பனிடும் பாரம் தன்னார்வலர்கள் தலையில்தான் விழுந்தது. இன்றைய கருவிகள் தமிழை நன்றாகவே எழுதுகின்றன, அதனால் ஆபத்து கூடியிருக்கிறது. இல்லாத நூலுக்குக்கூடச் செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகள் பக்க எண்ணோடு சான்று கொடுக்கும். நீங்கள் திறந்து படிக்காத எதையும் சான்றாகச் சேர்க்காதீர்கள்.

உங்கள் திருத்தத்தை யாராவது நீக்கிவிட்டால்

எல்லோருக்கும் நடப்பதுதான். முதலில் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து, நீக்கியவர் சுருக்கத்தில் என்ன காரணம் எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். சான்று இல்லை என்பது காரணமென்றால் சான்றோடு மறுபடி சேருங்கள். புரியவில்லையென்றால் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் கேளுங்கள்: ‘வணக்கம். மாவட்டப் பெயரை மாற்றியதை நீக்கியிருக்கிறீர்கள். மாவட்ட நிர்வாகத் தளத்தில் இப்படி இருக்கிறது. நான் கவனிக்காதது எதுவும் இருந்தால் சொல்லுங்கள்.’ இவ்வளவு போதும். நீக்கியதை நீங்கள் மீட்க, அவர் மறுபடி நீக்க என்று போனால் நிர்வாகிகள் இருவரையும் நிறுத்தி வைக்க நேரும்.

தொழில்நுட்பச் சந்தேகம் என்றால் ஒத்தாசைப் பக்கம், பொதுவான விசயம் என்றால் ஆலமரத்தடி என்ற பொது உரையாடல் பக்கம். இரண்டிலும் மூத்த பயனர்கள் இருக்கிறார்கள், பொறுமையாகப் பதில் சொல்வார்கள்.

கல்லூரியிலோ நூலகத்திலோ கூட்டமாகச் செய்வதென்றால்

ஒரே இணைய இணைப்பிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு கணக்குகள்தான் தொடங்க முடியும். ஏழாவது மாணவரிலிருந்து பிழைச் செய்தி வரும், பயிற்சி அங்கேயே தடுமாறி நின்றுவிடும். எல்லோரையும் முந்தைய நாளே வீட்டில் அவரவர் கைப்பேசியில் கணக்கு தொடங்கிவிட்டு வரச் சொல்லுங்கள். கட்டுரைப் பட்டியலையும் ஆதார நூல்களையும் நீங்களே முன்கூட்டி எடுத்து வையுங்கள். இருவருக்கு ஒரு கட்டுரை என்று பிரித்துக் கொடுத்தால் ஒரே பக்கத்தை நாலு பேர் திறந்து தொகுப்பு முரண்பாட்டில் (ஒருவர் சேமிப்பது இன்னொருவர் மாற்றத்தோடு மோதுவது) மாட்டுவது குறையும். மதிப்பெண்ணுக்காக இத்தனை தொகுப்பு என்று கணக்கு வைக்காதீர்கள். வைத்தால் ஒரு இடைவெளியைச் சேர்த்துச் சேமிப்பார்கள், அதையே நீக்கிச் சேமிப்பார்கள்.

மாதம் முடிந்ததும்

பட்டியலில் உள்ள பத்துக் கட்டுரைகளையும் கவனிப்புப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னால் யாராவது தொட்டால் உங்களுக்குத் தெரியும். வாரத்துக்கு ஒரு முறை அதைப் பார்த்தால் போதும். செய்து முடித்த வேலையில் எது எளிதாக ஓடியது, எங்கே நேரம் விரயமானது என்று துணைப்பக்கத்திலேயே இரண்டு வரி குறித்து வையுங்கள். அடுத்த பட்டியலை அதை வைத்துப் போடலாம். பத்தில் ஆறுதான் முடிந்தது என்றால் மிச்ச நான்கையும் அடுத்த மாதத்துக்குச் சுமக்க வேண்டியதில்லை. அலுப்புத் தட்டியவற்றைக் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் ‘இந்தப் பத்திக்கு இன்ன நூலில் சான்று கிடைக்கலாம்’ என்று எழுதி விட்டுவிடுங்கள். அந்த நூல் கையில் இருக்கிற வேறொருவர் எடுத்துக்கொள்வார்.